முப்பத்தைந்தாம் இடத்துப் பாட்டு

1982-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் ‘கிறிஸ்துமஸ் இன் டிக்சி’ (டிக்சி என்பது அமெரிக்கத் தெற்கின் செல்லப்பெயர்) என்ற பாட்டை வெளியிட்டது. பாடியது அலபாமா என்ற கன்ட்ரி இசைக்குழு. பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் அது 35-ஆம் இடம்வரைதான் ஏறியது. வேறொரு குழுவுக்கு அது சுமாரான வெற்றியாக இருந்திருக்கும். ஆனால் அந்த நாட்களில் அலபாமா எதைப் பாடினாலும் முதலிடத்துக்குப் போனது. 1980-இல் ‘டென்னசி ரிவர்’ பாட்டோடு தொடங்கிய அந்த ஓட்டம் 1987 வரை நீடித்தது. தொடர்ந்து 21 பாட்டுகள் முதலிடம் பிடித்தன என்பது கன்ட்ரி இசையின் சாதனைக் கணக்கு. அந்தக் கணக்கை எழுதியவர்கள் 35-ஆம் இடத்தில் நின்ற கிறிஸ்துமஸ் பாட்டை மட்டும் வெளியே வைத்தார்கள். பண்டிகைப் பாட்டு வழக்கமான ஓட்டப்பந்தயத்தில் சேராது என்பது அவர்கள் சொன்ன நியாயம். கணக்கில் சேராத அந்தப் பாட்டுதான் டிசம்பர்தோறும் அமெரிக்கத் தெற்கின் வானொலிகளில் திரும்ப ஒலிக்கிறது. முதலிடம் பெற்ற பல பாட்டுகளைவிட அது ஏன் நிலைத்தது என்று கேட்டால், கன்ட்ரி இசை கிறிஸ்துமஸுக்குச் செய்த ஒரு காரியம் புலப்படும்: முகவரி இல்லாமல் உலகெங்கும் சுற்றிய பண்டிகைக்கு அது ஒரு முகவரி எழுதிக் கொடுத்தது.

முகவரி இல்லாமல் போனது எப்படி என்பதற்கு, உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டாகக் கருதப்படும் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ நல்ல சான்று. இர்விங் பெர்லின் எழுதி பிங் கிராஸ்பி பாடியது. 1942-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கோடை நெருங்கும் நாளொன்றில் பதிவானது. பெர்லின் எழுதிய மூலத்தில் ஒரு முன்பகுதி உண்டு. கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் வெயிலுக்கும் பசுமைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவன், பனி விழும் வடக்கை நினைத்து ஏங்குவதாக அது அமைந்திருக்கும். இசைத்தட்டில் அந்த முன்பகுதி நீக்கப்பட்டது. எங்கிருந்து ஏங்குகிறான், எந்த ஊருக்காக ஏங்குகிறான் என்ற இரண்டும் அதோடு போயின. மிஞ்சியது வெறும் ஏக்கம். போர்முனையில் இருந்த சிப்பாய் முதல் நியூயார்க் அலுவலக எழுத்தர் வரை யாரும் அதைத் தம் ஏக்கமாக எடுத்துக்கொள்ள முடிந்தது. ஊரைக் கழித்ததுதான் அந்த வெற்றியின் ரகசியம். அதற்குப் பின் வந்த வெகுஜனக் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை பனி, மணியோசை, நெருப்பு எரியும் கணப்பு, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கிராமம் என்று அதே வழியில் சென்றன.

கன்ட்ரி இசை முதலிலிருந்தே இதற்கு மாற்றாக நின்றது என்று சொன்னால் அது வரலாறாகாது. தொடக்கத்தில் அதுவும் இந்த வழியில்தான் நடந்தது. பாடும் கௌபாயாகத் திரைப்படங்களில் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரி, 1946-இல் ஹாலிவுட்டில் நடந்த கிறிஸ்துமஸ் ஊர்வலத்தில் குதிரையில் போனார். பின்னால் வந்த சான்டாவைக் கண்டு குழந்தைகள் போட்ட கூச்சல் ‘ஹியர் கம்ஸ் சான்டா கிளாஸ்’ பாட்டுக்கு விதையாயிற்று. அதில் வரும் சான்டா கிளாஸ் லேன் கற்பனைத் தெரு அல்ல. ஊர்வலம் சென்ற ஹாலிவுட் புலிவார்டுக்குப் பண்டிகைக் காலத்தில் வைத்த பெயர். ஆனால் பாட்டு பரவப் பரவ தெரு கரைந்துபோனது. அது ஒரு நிஜத் தெருவின் பெயர் என்று தெரிந்து பாடும் குழந்தை இன்று எங்கும் இருக்காது. 1949 ஜூனில் ஆட்ரி பதிவுசெய்த ‘ருடால்ப்’ பாட்டின் நாயகன், மான்ட்காமரி வார்டு என்ற சிகாகோ நிறுவனம் 1939-இல் வாடிக்கையாளர்களின் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்தில் பிறந்த மான். எர்னஸ்ட் டப் பாடிய ‘புளூ கிறிஸ்துமஸ்’ 1950 ஜனவரியில் கன்ட்ரி ஜூக்பாக்ஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. பண்டிகைக்குள் பிரிவின் துயரத்தைக் கன்ட்ரி இசை கொண்டுவந்தது என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிரிவும் ஒரு காதலனுடையது; அவன் எந்த ஊர்க்காரன் என்று பாட்டு சொல்வதில்லை.

முகவரி திரும்பி வந்ததற்குக் காரணத்தை இசைக்கூடத்தைவிட ரயில் நிலையத்திலும் நெடுஞ்சாலையிலும் தேடுவதே பொருத்தம். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தெற்கிலிருந்து கோடிக்கணக்கானோர் வெளியேறினார்கள். ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் போனதைப் பெரும் இடப்பெயர்வு என்று வரலாறு குறிக்கிறது. அதே காலத்தில் தெற்கைவிட்டுப் போன வெள்ளையர் தொகை அதைவிடப் பெரியது. கென்டக்கி, டென்னசி, அலபாமா மலைகளிலிருந்து டெட்ராய்டின் கார் ஆலைகளுக்கும் சிகாகோவின் தொழிற்கூடங்களுக்கும் போனவர்கள் அவர்கள். விடுமுறை கிடைத்தால் இரவோடு இரவாகக் கார் ஓட்டி ஊர் திரும்புவார்கள். விடுமுறை முடிந்ததும் அதே சாலையில் வடக்கே போவார்கள். கன்ட்ரி இசைத்தட்டை வாங்கியவர்களில் இவர்களும் உண்டு. சிகாகோ வானொலியின் ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சியும் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’யும் அவர்களுக்குச் சனிக்கிழமை இரவுகளில் ஊரைக் காதில் கொண்டுவந்தன. 1963-இல் பாபி பேர் பாடிப் புகழ்பெற்ற ‘டெட்ராய்ட் சிட்டி’, பகலில் கார் செய்து இரவில் ஊரைக் கனவு காணும் அந்தத் தொழிலாளியின் பாட்டு. அவனிடம் போய்ப் பொதுவான ஓர் ‘ஊர்’ என்று பாடினால் போதாது. அவன் விட்டுவந்த ஊருக்கு அஞ்சல் நிலையமும் தேவாலயமும் தாயின் வீடும் உண்டு; பெயரும் உண்டு. மிசிசிப்பியின் ஸ்லெட்ஜ் என்ற பருத்தி வட்டாரத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர் சார்லி பிரைடு 1970-இல் கிறிஸ்துமஸ் ஆல்பம் வெளியிட்டபோது, அதற்கு ‘கிறிஸ்துமஸ் இன் மை ஹோம் டவுன்’ என்று பெயர் வைத்தார். சொந்த ஊர் அட்டையிலேயே ஏறிவிட்டது.

முகவரி என்பது ஊர்ப்பெயரோடு முடிவதில்லை. என்ன வேலை, என்ன கூலி, இந்த மாதம் கையில் எவ்வளவு என்பதும் ஒருவர் உலகில் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. இந்த வகையில் கன்ட்ரி இசையின் உச்சம் மெர்ல் ஹாகர்டின் ‘இஃப் வீ மேக் இட் த்ரூ டிசம்பர்’. 1973-இல் வந்த அவருடைய கிறிஸ்துமஸ் ஆல்பத்தில் இடம்பெற்ற பாட்டு. ஆலையில் வேலை போன ஒரு தகப்பன், மகளுக்குப் பண்டிகையைத் தர முடியாத நிலையில், டிசம்பரைத் தாண்டிவிட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். குளிரில்லாத ஊருக்கு, முடிந்தால் கலிபோர்னியாவுக்கு, போய்விட வேண்டும் என்பது அவன் கனவு. ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பனிக்காக ஏங்கியது என்றால் இந்தப் பாட்டு பனியிலிருந்து தப்ப ஏங்குகிறது. ஹாகர்டின் பெற்றோரும் 1930-களில் ஒக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்கள். பழைய ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றிக் குடியிருந்தவர்கள். எண்ணெய் நெருக்கடி நாட்டைக் கவ்விய அந்தக் குளிர்காலத்தில் பாட்டு கன்ட்ரி பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே வில்லி நெல்சன் எழுதி ராய் ஆர்பிசன் பாடிய ‘பிரிட்டி பேப்பர்’, கடைத்தெருக் கூட்டத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்து காகிதமும் பென்சிலும் விற்கும் ஒரு மாற்றுத்திறனாளியைப் பாடியது. டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் நெல்சன் கண்ட ஒரு மனிதரே அதன் மூலம். பரிசுப் பொதி சுற்றும் தாளை, அதை விற்பவரின் பக்கமிருந்து பார்க்கிற பாட்டு அது.

இந்தப் பின்னணியில் அலபாமா குழுவை வைத்துப் பார்க்க வேண்டும். ராண்டி ஓவன், டெடி ஜென்ட்ரி, ஜெஃப் குக் மூவரும் உறவுக்காரர்கள். அலபாமா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் லுக்அவுட் மலையடிவாரத்தில் உள்ள ஃபோர்ட் பெய்ன் வட்டாரத்தினர். ஓவனும் ஜென்ட்ரியும் பருத்தி விளையும் மலைப் பண்ணைகளில் வளர்ந்தவர்கள். மத்தளக்காரர் மார்க் ஹெர்ன்டன் பிறகு சேர்ந்தார். நிலக்கரியும் இரும்பும் கொட்டிக் கிடக்கும் என்று நம்பி 1890-ஐ ஒட்டி வடகிழக்கு மாநில முதலீட்டாளர்கள் ஃபோர்ட் பெய்னில் பணத்தைக் கொட்டினார்கள், எதிர்பார்த்த அளவு கிடைக்கவில்லை, ஊர் படுத்தது. பிறகு காலுறை ஆலைகள் வந்து தூக்கி நிறுத்தின. தன்னை உலகின் காலுறைத் தலைநகர் என்று அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது. குழுவினர் ஊரில் இருந்தபடியே பெயர் வாங்கவில்லை. 1973 முதல் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச் கடற்கரையில் பவரி என்ற மதுக்கூடத்தில், கேட்பவர்கள் ஜாடியில் போடும் காசுக்காகப் பல கோடைகள் வாசித்தார்கள். பிறர் விடுமுறையைக் கழிக்க வரும் ஊர் அவர்களுக்கு வேலைத்தலம். 1980-இல் ஆர்.சி.ஏ. ஒப்பந்தம் கிடைக்க வழிவகுத்த பாட்டு, என் வீடு அலபாமாவில் என்று பொருள்படும் ‘மை ஹோம்ஸ் இன் அலபாமா’. ஊரைவிட்டு வந்து பிழைத்தவர்களின் பாட்டு அது.

அவர்கள் ஒரு குழு என்பதும் இங்கே முக்கியம். கன்ட்ரி இசையில் அதுவரை நட்சத்திரம் ஒருவர். பின்னால் வாசிப்பவர்களுக்குப் பெயரில்லை. ஸ்டேட்லர் பிரதர்ஸ், ஓக் ரிட்ஜ் பாய்ஸ் போன்ற குழுக்கள் இருந்தாலும் அவை நற்செய்திப் பாட்டு மரபில் வந்த நால்வர் குரல்குழுக்கள். தாமே வாசித்து, தாமே எழுதி, ஒரே பெயரில் மேடையேறும் குழு இந்த அளவுக்கு வென்றது என்றால் அது அலபாமாதான். தனிப் பாடகர் ‘நான்’ என்று ஏங்குவார். குழு ‘நாங்கள்’ என்று வாழ்த்துச் சொல்லும். ‘கிறிஸ்துமஸ் இன் டிக்சி’யின் அமைப்பே ஒரு குடும்பத்திலிருந்து வரும் வாழ்த்து அட்டைதான். நியூயார்க், கலிபோர்னியா, மெம்பிஸ், அட்லான்டா, சிகாகோ, டெட்ராய்ட், ஜாக்சன், சார்லட் என்று ஊர்ஊராக நலம் விசாரித்துக்கொண்டே போகிறது. கடைசியில் ஃபோர்ட் பெய்ன் என்ற பெயரைச் சொல்லிக் கேட்பவர்களை வாழ்த்தி விடைபெறுகிறது. அட்டையின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி எழுதுவது போன்ற முடிவு. பட்டியலைக் கவனித்தால் அது சுற்றுலா வழிகாட்டி அல்ல என்பது தெரியும்: தெற்கின் நகரங்களுக்கு நடுவே வரும் சிகாகோவும் டெட்ராய்டும் தெற்கத்தியார் பிழைக்கப் போன ஊர்கள்.

வெளியான காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாழ்த்தின் கனம் கூடுகிறது. 1982 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவின் வேலையின்மை 10.8 சதவீதம், 1930-களின் பெருமந்தத்துக்குப் பின் அதுவரை காணாத உயரம். கார் ஆலைகள் முடங்கிய மிச்சிகன் மாநிலத்தில் நிலைமை இதைவிட மோசம். அந்த டிசம்பரில் டெட்ராய்டை உற்சாகமான ஊராகப் பாடுவது செய்தி சொல்வதாகாது. அங்கே இருக்கும் உறவினருக்குத் தைரியம் சொல்வதாகும். எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகை பொதுமக்களுக்குத் திறந்ததும் அதே ஆண்டு ஜூனில்தான். பாட்டில் அதன் விளக்குகளும் வருகின்றன. ஃபோர்ட் பெய்னில் குழுவினர் ‘ஜூன் ஜாம்’ என்ற நற்பணி இசைவிழாவைத் தொடங்கியதும் 1982. ஊருக்கு ஆட்களை வரவழைப்பதும், ஊரின் பெயரை வெளியே அனுப்புவதும் ஒரே ஆண்டில் நடந்தன. பாட்டில் தெற்கத்திப் பைன் மரங்கள்மேல் பனியும் விழுகிறது. அலபாமாவில் கிறிஸ்துமஸ் நாளில் பனி விழுவது அபூர்வம். கிராஸ்பியின் பனியை இரவல் வாங்கித் தம் ஊர் மரத்தில் தூவிக்கொண்டார்கள். இரவல் பனி, ஆனால் சொந்த மரம்.

இந்த முகவரி வாதத்துக்கு முதல் மறுப்பு வணிகம். பண்டிகை ஆல்பம் என்பது ஒப்பந்தத்தில் எழுதிய கடமை, ஒருமுறை பதிவுசெய்தால் ஆண்டுதோறும் விற்கும் சரக்கு என்பார்கள். பொய்யில்லை. இந்தப் பாட்டு முதலில் வந்தது ஆர்.சி.ஏ. தன் கலைஞர்களைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பில்தான். 1985-இல் குழு தனியாகக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் ஆல்பம் பத்து லட்சக்கணக்கில் விற்றது. பண்டிகைப் பாட்டுகளின் வியாபாரம் எவ்வளவு தனிப்போக்கானது என்றால், 1963 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் பில்போர்டு அவற்றுக்கென்று தனிப் பட்டியலே வைத்திருந்தது. ஆனால் வணிகம் என்ற விடை எல்லாக் கிறிஸ்துமஸ் தட்டுக்கும் சமமாகப் பொருந்துகிறது. அதனாலேயே எதையும் அது விளக்குவதில்லை. ஒரே நோக்கத்தோடு ஆண்டுதோறும் வந்த எத்தனையோ தட்டுகள் காணாமல் போயின. எது விற்கும் என்று நிறுவனம் கணக்குப் போடலாம். எதைத் தங்கள் வீட்டு வழக்கமாக்கிக்கொள்வது என்பதைக் கேட்பவர்கள்தான் முடிவுசெய்கிறார்கள். வாழ்த்து அட்டையும் கடையில் விற்பதுதான். பெயரெழுதி அனுப்பிய அட்டையைப் பெட்டியில் வைத்துக் காக்கிறோம். வெறும் அட்டையை வைத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது மறுப்பு தமிழ் வாசகருக்கே எளிதில் தோன்றக்கூடியது. முகவரி அவ்வளவு முக்கியம் என்றால், இந்தியாவிலும் இலங்கையிலும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜிம் ரீவ்ஸ் குரல் ஏன் கேட்கிறது, அலபாமாவின் குரல் ஏன் கேட்பதில்லை? ரீவ்ஸ் டெக்சஸ்காரர், கன்ட்ரி பாடகர், 1963-இல் ‘ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்’ என்ற ஆல்பத்தைத் தந்து, மறு ஆண்டு ஜூலையில் நாஷ்வில் அருகே விமான விபத்தில் இறந்தார். இங்கே வெற்றி பெற்றது அவருடைய கன்ட்ரி அல்ல. ஃபிடிலையும் மூக்கொலியையும் குறைத்து, வயலின் வரிசையும் பின்னணிக் குரல்களும் சேர்த்து நாஷ்வில் அந்த ஆண்டுகளில் உருவாக்கிய மென்மையான ஒலிக்கு ரீவ்ஸ் உச்ச உதாரணம். ஊர்வாசனை துடைத்த அந்தக் குரல் தெளிவான உச்சரிப்போடு கடல் கடந்தது. சென்னையிலும் கொழும்பிலும் கேட்டவர்களுக்கு அதில் அந்நியமாக ஏதும் இடறவில்லை. ஆக, ரீவ்ஸ் இந்த வாதத்தை மறுக்கவில்லை, மறுபக்கத்திலிருந்து நிறுவுகிறார். முகவரி இல்லாத பாட்டு தொலைவுக்குப் போகும். முகவரி உள்ள பாட்டு போய்ச் சேரவேண்டிய வீட்டுக்குப் போகும். இரண்டும் வெற்றிதான், அளவுகோல் வேறு.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. டிக்சி என்ற சொல்லில் யாருடைய முகவரி இருக்கிறது? அந்தச் சொல்லை ஊரறியச் செய்த பாட்டு 1859-இல் நியூயார்க் மேடையில் அரங்கேறியது. எழுதியவராக அறியப்படும் டான் எம்மெட் வடக்கே ஒஹையோ மாநிலத்தவர். முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் நாடகக்குழுவில் இருந்தவர். பிறகு அது அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கீதம்போல் ஆயிற்று. அலபாமா குழுவின் ‘மவுன்டன் மியூசிக்’ ஆல்பத்தின் அட்டையில் அந்தக் கூட்டமைப்பின் கொடி இருந்தது, அதுவும் 1982-தான். டிக்சி என்ற பெயரைத் தாங்கியிருந்த புகழ்பெற்ற பெண்கள் குழு 2020-இல் அந்தச் சொல்லைக் கழற்றிப்போட்டு ‘தி சிக்ஸ்’ ஆனது. பாட்டு பெயர் சொல்லும் ஊர்களில் மெம்பிஸ், மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் சுட்டுக் கொல்லப்பட்ட நகரம். அட்லான்டா அவர் பிறந்த நகரம். ஜாக்சன், கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் 1963-இல் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்ட நகரம். இவை எதுவும் பாட்டில் இல்லை. சாதாரணமான பண்டிகைப் பாட்டிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்டுத் தப்பிக்க முடியாது. ஊர்ப்பெயரைச் சொல்லத் துணிந்த பாட்டு, ஊரின் கணக்கையும் கூடவே அழைத்துவருகிறது. முகவரி இல்லாத ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டிடம் எந்த ஊரைப் பற்றியும் யாரும் கேள்வி கேட்க முடியாது, இந்தப் பாட்டிடம் கேட்க முடிகிறது. மறைத்ததை மறைத்தது என்று சுட்டிக்காட்ட இடமிருப்பதும் பெயர் சொன்னதால் வந்ததுதான். அது பாட்டைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது; ஆனால் முகவரி எழுதுவது வெறும் அலங்காரமல்ல, பொறுப்பு என்பதைக் காட்டுகிறது.

ஃபோர்ட் பெய்னின் காலுறை ஆலைகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவான இறக்குமதியின்முன் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஊர் நடுவே குழுவினர் நால்வருக்கும் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஜெஃப் குக் 2022 நவம்பரில் காலமானார். அந்த ஆலைகள் எத்தனையோ கோடிக் கால்களுக்குச் சூடு கொடுத்தன. அணிந்தவர்களில் எத்தனை பேருக்கு அது நெய்யப்பட்ட ஊர் தெரிந்திருக்கும்? ஊரின் பெயரைச் சுமந்து வெளியே போனது 35-ஆம் இடத்தில் நின்ற அந்தப் பாட்டுதான்.